வலைச்சாயம் பூசின கை

நான் செவப்பு, எங்க அக்கா கறுப்பு. அத்தா கறுப்பு, அம்மா செவப்பு, ஆளுக்கு ஒருத்தரைப் போல பொறந்துட்டோம். சின்ன வயசுல அது ஒரு பேச்சே இல்ல. அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்ச பிறகுதான் என் தோலு எங்க வூட்டுல ஒரு தலைவலியா ஆச்சு.

எழுபதுகளோட தொடக்கம் அது. சதுரங்கப்பட்டினத்துல இருந்தோம். கடைத்தெருவுல அத்தாவுக்கு ஒரு சின்னத் துணிக்கடை. அக்காவுக்கு இருபத்திநாலு, எனக்குப் பதினெட்டு.

மொத தடவை செங்கல்பட்டுலேர்ந்து நாலு பொம்பளைங்க வந்தாங்க. அக்காவைப் பாத்தாங்க, பேசினாங்க, நல்லா சாப்பிட்டாங்க. கைகழுவ நான்தான் தண்ணி ஊத்தினேன். ரெண்டு நாள் கழிச்சுத் தகவல் வந்துச்சு: சின்னதைக் குடுக்கறதா இருந்தா பேசலாமாம். அத்தா ஒத்துக்கல. அக்கா அன்னிக்கு சாப்பிடல.

ரெண்டாவது தடவை என்னை சித்தி வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. வந்தவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிபோச்சு. "இன்னொரு பொண்ணு இருக்குதாமே, ஏன் ஒளிச்சி வெச்சீங்க, அதுக்கு எதுனா கொறையா?"ன்னு கேட்டாங்க. அதுவும் தட்டிப்போச்சு.

மூணாவதா வந்தது கேளம்பாக்கத்து சம்பந்தம். மாப்பிள்ளை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. அவங்க வரதுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப அக்கா அம்மாகிட்ட சொன்னா, "இதுவும் போச்சுன்னா இனிமே நான் எவங்க முன்னாடியும் வந்து நிக்க மாட்டேம்மா. என்னை விட்டுடுங்க." கோவமா சொல்லல. பச்சைப் பொடவையில ஓரம் அடிச்சிக்கினே சொன்னா. அதைக் கேட்டுட்டுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்துச்சு.

"இவளை ஒளிச்சாலும் வம்பு, காட்டினாலும் வம்பு. கறுப்பாக்கித்தான் காட்டணும்."

எங்க தெருவுக்கு அந்தாண்ட மீன்காரக் குப்பம். அப்ப பாதிப் பேர்கிட்ட இன்னும் பருத்தி நூல் வலைதான். உப்புத் தண்ணியில மக்கிடாம இருக்க, மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சி அந்தச் சாயத்துல வலையைத் தோய்ப்பாங்க. தோய்க்கறவங்க கையெல்லாம் காப்பிக் கலர்ல இருக்கும், பத்து நாளானாலும் போகாது. எங்களுக்கு மீன் குடுக்கற பொம்பளைகிட்ட, ஜன்னல் துணிக்குச் சாயம் போடணும்னு பொய் சொல்லி, அம்மா ஒரு தவலை நிறைய வாங்கிக்கினு வந்துச்சு.

ஊருல இருக்கற பொண்ணுங்கல்லாம் கடலை மாவும் பாலாடையும் பூசி செவக்கப் பாப்பாளுங்க. நான் கறுக்கறதுக்காக முக்காலி போட்டு உக்காந்தேன். முதல்ல பீர்க்கங்கூட்டால உடம்பு தேய்ச்சி குளிக்கணும். முழங்கையிலயும் விரல் கணுவுலயும் சாயம் ரொம்பப் பிடிச்சிக்கும்னு அங்க மட்டும் தேங்காண்ணெய் தொட்டு வெச்சிது அம்மா. அப்புறம் பழந்துணியை முக்கி மூஞ்சி, கழுத்து, கை, பாதம்னு பூசி, கொல்லை வெயில்ல காய விடும். காஞ்சா மறுபடியும். காலையில ரெண்டு தடவை, சாயந்திரம் ரெண்டு தடவை, மூணு நாளு. பின்கழுத்துக்கு அக்காதான் பூசினா. "எரியுதாடி?"ன்னு கேட்டுக் கேட்டுப் பூசினா.

மூணாம் நாள் கண்ணாடியில பாத்தேன். சாயம் சும்மா சொல்லக்கூடாது, திட்டுத் திட்டா இல்லாம ஒரே சீரா ஏறியிருந்துச்சு. எனக்கு அழுகை வந்துச்சு. "சீ, பாக்க சகிக்கல"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அக்கா பக்கத்துலதான் நின்னுகினு இருந்தா. கண்ணாடியில ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே நிறம். சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சிது. அவ சாயத் துணியை அலசி கொடியில போட்டா.

அவங்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, பெரியம்மா, தங்கச்சி. என்னைக் கூப்பிட்டுப் பாத்தாங்க, இவ சின்னவளான்னு கேட்டாங்க, அவ்ளோதான். அதுக்கு மேல ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல. அக்காவைப் பக்கத்துல உக்கார வெச்சி அந்தம்மா கையைப் பிடிச்சிக்கினு பேசுது. அம்மா மூஞ்சியில நிம்மதி. வேலை முடிஞ்ச மாதிரிதான். நான் அடுக்களைக்குப் போய் சர்பத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிய ஆரம்பிச்சேன்.

மாப்பிள்ளையோட தங்கச்சி தண்ணி குடிக்க உள்ள வந்துச்சு. என் வயசுதான் இருக்கும். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு சிரிச்சிக்கினே சொல்லிச்சு, "உங்க வூட்டுலயே அண்ணிதான் லட்சணம். நீ கொஞ்சம் மட்டுதான், இன்னா?"

அதுக்குள்ள அண்ணின்னே சொல்லிடுச்சு. எந்த வார்த்தைக்காக மூணு நாளா வெயில்ல காஞ்சேனோ அந்த வார்த்தை. நான் சந்தோசப்பட்டிருக்கணும். ஆனா எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கினு எரிஞ்சிது. பொறந்ததுலேர்ந்து ஒருத்தரும் என்னை அக்காவுக்குக் கீழ வெச்சிப் பேசினதில்ல. இவ யாரு என்னைச் சொல்றதுக்கு?

பழம் பிழிஞ்ச விரல் நுனியில சாயம் விட்டிருந்ததைப் பாத்தேன். பிழிஞ்ச மூடி ஒண்ணை எடுத்தேன். இடது கையில, மணிக்கட்டுலேர்ந்து மேல, பரபரன்னு தேய்ச்சேன். நான் செவப்புன்னு கொஞ்சம் தெரிஞ்சா போதும், அக்கா சம்பந்தம் எங்க போயிடப்போவுதுன்னு நெனச்சேன். இல்ல, அது பொய். அக்காவைப் பத்தி அப்ப நான் நெனைக்கவே இல்ல.

சாயம் சீரா விடல. அங்கங்க விட்டுச்சு. கறுப்புக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா நாலஞ்சு திட்டு. அப்படியே தட்டை எடுத்துக்கினு போனேன்.

டம்ளரை வாங்க நீட்டின கையால மாப்பிள்ளையோட அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சிது.

"இன்னாம்மா இது?"

அம்மா எழுந்து வந்து பாத்துட்டு, "வெந்நீர் பட்டுடுச்சு"ன்னு சொல்லிச்சு.

"வெந்நீர் பட்டா இப்படியா இருக்கும்? எத்தினி நாளா கீது?" அந்தம்மா என் கையை மெதுவா விட்டுட்டு, தன் விரலை முந்தானையில தொடச்சிக்கினாங்க. பெரியம்மா காதுல என்னமோ சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. வெண்குஷ்டம்.

சாயம்னு சொன்னா ஏமாத்துக்காரக் குடும்பம். சொல்லலன்னா வியாதிக்காரக் குடும்பம். அம்மா வாயைத் திறக்க முடியாம நின்னுச்சு. நான் திறந்திருக்கலாம். இது சாயம், நானா விளையாட்டுக்குப் பூசிக்கினேன்னு பழியை என் மேல போட்டுக்கினு இருந்தா, அதோட முடிஞ்சிருக்கும். என்னைப் பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க, அவ்ளோதானே. நான் தட்டைப் பிடிச்சிக்கினு தரையைப் பாத்துக்கினு நின்னேன். சர்பத்தை யாரும் தொடல. சொல்லி அனுப்பறோம்னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க.

பேச்சு திருக்கழுக்குன்றம் வரைக்கும் பரவிடுச்சு. என் கையை நேர்ல பாத்தவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு மாசத்துல தெரிஞ்சிபோச்சு. அடுத்த வருசமே எனக்கு மாப்பிள்ளை வந்துட்டாரு. அக்காதான், "எனக்காக இவளை உக்கார வெக்காதீங்க"ன்னு அத்தாகிட்ட பேசினா. அக்காவுக்கு மட்டும் மூணு தடவை தட்டிப்போன பொண்ணுன்னு பேரு நின்னுடுச்சு. சொன்ன சொல்லு மாறாம எவங்க முன்னாடியும் வந்து நிக்கல. நாலு வருசம் கழிச்சு, பொண்ணு பாக்க வராமலே ஒருத்தர் கேட்டாருன்னு, செய்யூர்ல மல்லாட்டைக் கடலை வியாபாரம் பண்றவருக்கு ரெண்டாந்தாரமாப் போனா.

அம்மா சாகற வரைக்கும் தன்னையே திட்டிக்கினு இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் பூசியிருக்கணும், சாயம் சரியா ஏறலன்னு. பக்கத்துல உக்காந்து அதையெல்லாம் கேட்டுக்கினு இருந்தேன். எனக்குக் கல் நெஞ்சுதான்.

அம்மா போன நாப்பதாம் நாள் கழிச்சு செய்யூருக்குப் போனேன். அக்கா எனக்காக எலுமிச்சம்பழம் அறுத்துக்கினு இருந்தா. அதைப் பாத்ததும் எனக்குத் தாங்கல. மூடியால தேய்ச்சதை அழுதுகினே சொல்லிட்டேன்.

"தெரியும்"னா அக்கா. "மூடி உள்பக்கம் கறுத்துப்போய்க் கெடந்துச்சு. அம்மா பாக்கறதுக்குள்ள நான்தான் அடுப்புல போட்டேன்."

"ஏங்கா அப்பவே கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? உனக்கு அந்த மாப்பிள்ளை மேல ஆசையோன்னு நெனச்சிக்கினேன்."

"அவரை நான் பாத்ததுகூட இல்லக்கா. அவரு தங்கச்சி அடுக்களைக்கு வந்துச்சு. நம்ம வூட்டுலயே நீதான் லட்சணம்னு சொல்லிச்சு. அதுதான் என்னால தாங்க முடியல."

அக்கா கத்தியைக் கீழ வெச்சா.

"யாரை? என்னையா?"

"ஆமா."

"எப்படி சொல்லிச்சு? அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னா. சொன்னேன்.