ஆணியில் மாட்டிய கொலுசு

எங்கள் தெருவில் வெள்ளி நிலைக்காது. மகளுக்கு வாங்கிய கொலுசு ஒரு மாதத்துக்குள் கரிச்சட்டி நிறத்துக்குப் போய்விடும். பல்பொடி போட்டுத் தேய்ப்பேன், மறுபடி கறுக்கும். "கொழந்தைக்குச் சூட்டு ஒடம்பு. எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டு" என்பார் என் கணவர். ஆம்பூரில் எல்லா வீட்டிலும் இதே வைத்தியம்தான். நானும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். வேதியியல் பாடம் நடத்துகிறவள் நான். அது தனிக் கேவலம்.

கணவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறேன். வழிகாட்டி, வேலூரில் இருக்கிற ஒரு பேராசிரியர். பல்லேடியமும் காலியமும் சேர்ந்த ஒரு வினையூக்கித் தூள்தான் என் பொருள். வெறும் கலவை இல்லை அது. இரண்டு உலோகத்தின் அணுக்களும் தங்களுக்கு ஒதுக்கின இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிசை இருக்கும்வரை அசெட்டிலினை எத்திலினாக மாற்றி, அதோடு நிறுத்திக்கொள்ளும். கலைந்தால் காரியம் கெட்டது. வேலை நடக்கும்போது மேற்பரப்பில் வரிசை கலைகிறதா என்பதுதான் என் கேள்வி. முடிந்தபிறகு எடுத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை, காற்றுப் பட்டதும் அது வேறு முகம் காட்டும். வாயுவும் சூடும் போய்க்கொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிரை அதன்மேல் விட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கான கருவி வடக்கே ஒரு ஆய்வு மையத்தில் இருக்கிறது. மனுப் போட்டு, காத்திருந்து வாங்கிய வாய்ப்பு. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு ரயிலேறினேன். கிளம்பும்போது அவள் இருமிக்கொண்டிருந்தாள். காலையில் இருமுவது அவள் வழக்கம் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எக்ஸ் கதிர் பட்டதும் மேற்பரப்பில் இருக்கிற ஒவ்வொரு தனிமமும் திரையில் தன் இடத்தில் ஒரு மேடாக எழும். பல்லேடியம் எழுந்தது, காலியம் எழுந்தது. ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில் மூன்றாவதாக ஒரு சின்ன மேடு. வாயுவை விட்டுச் சூடேற்ற ஏற்ற அந்த மேடு வளர்ந்தது, பல்லேடியம் அடங்கிப்போனது. கந்தகம். கொண்டுபோன எல்லாச் சாம்பிளிலும் அதேதான். என் கேள்விக்குப் பதிலே வரவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, பேராசிரியரைப் போனில் கூப்பிட்டேன்.

"சாம்பிள எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"எங்க காலேஜ் லேப்லதான் சார். எடை போடத்தான் தெறந்தேன். மத்தபடி மூடித்தான் வெச்சிருந்தேன்."

"பக்கத்துல டேனரி இருக்கா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார்."

பெருமூச்சு விட்டார். "தோல்ல முடி எடுக்க சல்ஃபைடு போடுவாங்கல்ல, அதுலருந்து வர்ற வாயுதான். நாத்தம்கூடவா தெரியல?"

நாற்றமா? எங்களுக்கு அதற்குப் பெயர் காற்று.

"இனிமே அங்க வெக்காதீங்கம்மா. அந்தக் காத்த பல்லேடியம் தாங்காது."

போனை வைத்த பிறகுதான் கொலுசு ஞாபகம் வந்தது. வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதே வாயுதான் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன். பல்லேடியம் தாங்காது, சரி, ஏழு வயசுப் பெண் தாங்குவாளா?

ஊருக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன், வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் வீடு பார்த்துப் போய்விடலாம் என்று.

"இன்னா பேசற நீ? வூடு கட்டி ஒரு வருசம்கூட ஆவல. நானும் இந்தக் காத்துலதான் வளந்தேன், இன்னா ஆய்ட்டேன்? அவளுக்குச் சூடு ஜாஸ்தி, அவ்ளோதான்."

வாதம் பண்ணி அவரை ஜெயிக்க முடியாது. மகளின் ஒரு கொலுசைக் கழற்றிப் பளபளவென்று தேய்த்து, அவள் படுக்கிற அறையின் ஜன்னலோரம் ஆணியில் மாட்டினேன். மற்றதையும் தேய்த்து அவள் காலிலேயே விட்டேன். பரிசோதனை என்றதும் அவளுக்கு ஒரே குஷி. கணவர் "பைத்தியம்" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

இதற்கிடையே புதிதாகச் செய்த தூளைக் கண்ணாடிக் குழாயில் காற்றுப் படாதபடி ஆர்கன் வாயுவோடு அடைத்து, சீல் வைத்து, வேலூர் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். பஸ் ஜன்னல் வழியாக மகளின் பள்ளிக்கூடம் தெரிந்தது. பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மடியில் அந்தக் குழாயைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்த என் கைமேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மாதம் முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆணியில் கிடந்த கொலுசை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தேன். காலில் கிடப்பதைப் போலவே கறுத்திருந்தது.

"ஆணிக்கும் சூட்டு ஒடம்பா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய் மகளின் அறை ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். கூடத்து ஜன்னலையும் சாத்தினார். சமையலறைக்கும் போனார்.

மகள் அப்போது தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். சாத்திய ஜன்னலுக்கு வெளியே ஒற்றைக் கொலுசின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.