துண்டுக்கு அடியில் பிச்சையாவின் கை

2024 ஜூன் 3 – 41
ஜூன் 7 – 380
ஜூன் 12 – 6,214
ஜூன் 17 – 19,450
ஜூன் 20 – 1,102
ஜூன் 21 – 9

பிச்சையாவின் கையை இணையத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை இது. சரியாகச் சொன்னால், கையை யாரும் பார்க்கவில்லை. கைமேல் கிடந்த பச்சைக்கரைத் துண்டைத்தான் பார்த்தார்கள்.

பிச்சையா 1951இல் குருவிகுளம் பக்கம் பிறந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டார். 1972 முதல் 2019 வரை மாட்டுச் சந்தையில் தரகு. தரகர் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் வியாபாரியின் கையைப் பிடித்து விரலால் சொல்வார். மணிக்கட்டைப் பிடித்தால் பத்தாயிரம், ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், பாதி விரலைத் தடவினால் ஐந்நூறு. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னவனை அதன்பிறகு எந்தப் பேரத்திலும் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள்.

அதே சந்தையில் முப்பத்தோரு வருடம் நான் நோட்டு எழுதினேன். மாட்டின் நிறம், பல், சுழி, விற்றவர், வாங்கியவர். பிச்சையாவிடமிருந்து மூன்றடி தள்ளி என் நாற்காலி. துண்டு எங்கே மடிகிறது, அவர் முழங்கை எவ்வளவு அசைகிறது என்று பார்த்தே விலையைப் படிக்கக் கற்றிருந்தேன். ஆனால் அந்தத் துண்டுக்குள் என் கை ஒருமுறைகூடப் போனதில்லை. ராயகிரி வியாபாரி துரைப்பாண்டியின் கை வாரம் தவறாமல் போகும். 2016இல் பிச்சையாவின் மனைவி முத்துத்தாய் இறந்த அன்றும் துரைப்பாண்டிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் வந்தவர்கள் பெயரை எழுதினேன். 143 பேர்.

கடையநல்லூர் ஷாஹின் பானு சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை வைத்து இணையத்திலேயே ஒரு கண்காட்சி நடத்தினாள். ஐந்து ஊர்களில் ஐந்து பேர் நேரலையில் எதையாவது செய்துகாட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பிச்சையா. சங்கரன்கோவிலில் ஒரு மண்டபத்து மாடி அறை, ஒரு போன், தினமும் மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம். மாடு கிடையாது. இல்லாத மாட்டுக்கு இரண்டு பேர் துண்டுக்குள் பேரம் பேசுவார்கள். என்ன பேச்சு என்று பார்ப்பவர்கள் ஊகித்து எழுதலாம். விடை சொல்லப்படாது.

“இன்னொரு கை வேணும் தாத்தா” என்று அவள் பிச்சையாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

“துரைப்பாண்டிக்குப் போன் போடு மக்கா” என்றார் அவர்.

“நான் இங்கனதான நிக்கேன்” என்றேன்.

“உம்ம கை எழுதும் வே. பேசாது.”

“எனக்கு அத்தனையும் தெரியும்.”

“தெரிஞ்சு என்ன செய்ய? கல்யாண வீட்டுல மொய் எழுதுதவனுக்கும்தான் எல்லாம் தெரியும். அவனையா மணவறையில உக்கார வைக்காங்க?”

ஷாஹின் பானு சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

தினமும் என் போனில் பார்த்தேன். இறந்துபோன மகனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். இல்லை, ஜெபம் செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். ஒருநாள் துரைப்பாண்டி துண்டுக்குள் ஏதோ செய்ய, பிச்சையா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் பக்கத்தில் இருந்த அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, நானும் அங்கே பெயர் போடாமல் எழுதினேன்: ‘பிச்சையா 34,000. துரைப்பாண்டி 31,500. பிச்சையா 33,000.’ அரை மணி நேரமும் ஒன்று விடாமல் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். யாரோ அதை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டார்கள். வெறும் விலை என்று தெரிந்ததும் மகன் என்றும் ஜெபம் என்றும் எழுதியவர்கள் போய்விட்டார்கள்.

இருபதாம் தேதி பேரத்தின் நடுவே துரைப்பாண்டி கேட்டார்: “ஆளு கொறையுதாமே. என்னதான் எழுதுதாங்க, படி பிள்ளே.”

ஷாஹின் பானு படித்தாள். மூன்றாவது விலையிலேயே அவர் கையை உருவிக்கொண்டார்.

“நோட்டுக்காரருதான். வேற எவனுக்கும் இது தெரியாது. ஊரறிய வெல சொல்லணும்னா துண்டு எதுக்கு வே?”

பிச்சையா துண்டை மடித்தார். துரைப்பாண்டி அன்றே பஸ் ஏறினார்.

மறுநாள் கண்காட்சியின் கடைசி நாள். வேறு ஆள் இல்லை என்று ஷாஹின் பானு என்னைக் கூப்பிட்டாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். துண்டுக்குள் கையை விட்டேன். பிச்சையாவின் உள்ளங்கை சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். பிறகு இரண்டு. பிறகு கை முழுவதையும். அரை மணி நேரம் அவர் விரல் ஒன்றுகூட அசையவில்லை. பார்த்த ஒன்பது பேரும் எதுவும் எழுதவில்லை.

அதன்பின் தெருவில் கண்டாலும் அவர் பேசுவதில்லை. நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குத் தபாலில் மூன்று கடிதம் போட்டேன். முதலாவதில் வாதாடினேன். இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டேன். இரண்டுக்கும் அவர் மகள் இசக்கிசெல்வியின் கையெழுத்தில் ‘கடிதம் கிடைத்தது’ என்று மட்டும் பதில் வந்தது. மூன்றாவதில், ஒரே ஒருமுறை துண்டோடு வரும்படி கேட்டேன். அதற்கு வந்த பதிலும் மகளின் கையெழுத்துதான். பேச்சு அவருடையது:

‘நீர் எழுதின வெல அத்தனையும் சரி. ஒண்ணுகூடத் தப்பில்ல. துரைப்பாண்டி மறுபடி வாரான். சாயங்காலம் தேரடி டீக்கடையில உக்காந்து ரெண்டு பேரும் பேசுதோம். நீர் அந்தப் பக்கம் வர வேண்டாம். இனிமே எழுதவும் வேண்டாம்.’

அதற்குப் பிறகு அங்கிருந்து கடிதம் இல்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 செப்டம்பர் 11, புதன்கிழமை.