மிதிக்கிறதும் வேலைதான்

டெய்லரம்மாவுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சு அரை வருஷம் இருக்கும். வச்ச புதுசுல வீட்டுல எல்லாருக்கும் ஒரே நெனப்பு, இனிமே அவ ஓடி ஆடி வேலை பாப்பான்னு. அவ எங்க ஓடினா? சமையலை முடிச்சு, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டு தையல் மெஷின் முன்னாடி உக்காந்தா கொஞ்ச நேரத்துலயே கண்ணு சொருகும். பாதி மடிச்ச பேன்ட் மடியில அப்படியே கிடக்கும். மயக்கமும் இல்ல, தூக்கமும் இல்ல. சட்டியில ஒட்டினதைக் கரண்டி போட்டு வழிச்சு எடுத்த மாதிரி உடம்பு காலியாக் கெடக்கும்.

அவ வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு உலகத்துல எல்லாமே லிஃப்ட்டுதான். புது மோட்டார் போட்டதுக்கப்புறமும் வண்டி நடு மாடியில நிக்குதேன்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அதைக்கூட பொறுத்துக்கலாம். மாடியில குடியிருக்கிற ஓரகத்தி வாயைத்தான் தாங்க முடியல. கடைக்கு நடந்து போயிட்டு வர்றா, ஈரத்துணி வாளியைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறுறா, அப்பெல்லாம் வராத அசதி மெஷின்ல உக்காந்தா மட்டும் வருதாம்னு பக்கத்து வீடு வரைக்கும் கேக்கற மாதிரி பேசுவா.

அவ சொல்றதுல பொய்யும் இல்ல, அதுதான் வயித்தெரிச்சல். படி ஏறினா டெய்லரம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. உக்காந்தாதான் சாயுவா. நாமதான் சோம்பேறியாயிட்டோமோன்னு அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு.

தைக்கக் கொடுத்தவங்க ஒவ்வொருத்தரா துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. கடைசியில வீட்டுக்காரர், மெஷின் எதுக்கு சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு, வித்துடலாம்னாரு. மறுநாளே ஓரகத்தி ஆளும் பிடிச்சுட்டா. சனிக்கிழமை வந்து தூக்கிக்கறதா பேச்சு. டெய்லரம்மா எதிர்த்து நிக்கல. சண்டை போடவும் தெம்பு வேணும்ல? ஆனா மெஷின் போயிட்டா இந்தத் தெருவுல அவளை யாரு டெய்லரம்மான்னு கூப்பிடுவா?

அந்த வாரமே ஆஸ்பத்திரியில பேஸ்மேக்கர் செக்கப். அங்க ஒரு பொண்ணு கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாக்கும். அசதி எப்ப வருதுன்னு அது போன தடவையே கேட்டுச்சு. சும்மா உக்காந்திருக்கும்போதுன்னு இவ சொல்லிட்டு வந்துட்டா. தைக்கிறது இவங்க வீட்டுக் கணக்குல உக்காந்திருக்கறதுதானே. இந்தத் தடவை சனிக்கிழமை நெனப்புல எரிச்சலா வந்துச்சு பதில்.

"உக்காந்து மிதிச்சுக்கிட்டே இருந்தா வருதும்மா, வேற எப்ப வரும்?"

பொண்ணு நிமிந்து பாத்துச்சு. "என்னத்த மிதிக்கிறீங்க?"

"தையல் மெஷினைத்தான். கால் மெஷின்."

அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. இவளுக்கு வச்சிருக்கற கருவி, நெஞ்சு அசையறதை வச்சுத்தான் வேலை நடக்குதுன்னு கண்டுபிடிக்குமாம். நடந்தா, படி ஏறினா துடிப்பைக் கூட்டிக் கொடுக்கும். தைக்கும்போது காலு மட்டும் ஓடுது, நெஞ்சு தூண் மாதிரி நிக்குது. அதுக்கு என்ன தெரியும்? நீங்க உக்காந்து டிவி பாக்கறீங்கன்னு நெனச்சுக்கும்னு பொண்ணு சொல்லுச்சு.

"அதுவும் எங்க ஓரகத்தி மாதிரிதானா"ன்னா டெய்லரம்மா.

டாக்டரைக் கேட்டு, கருவி லேசான அசைவுக்கும் முழிச்சுக்கற மாதிரி மாத்திக் கொடுத்தாங்க. ஆனா நீங்க சாப்பிடற நெஞ்சு மாத்திரையாலயும் அசதி வருது, ஒரே நாள்ல எல்லாம் போயிடாது, நடுவுல எழுந்து கையை வீசி நடங்க, மத்தியானம் கூச்சப்படாம படுங்கன்னு சொல்லித்தான் அனுப்புச்சு அந்தப் பொண்ணு.

வீட்டுக்காரர் எல்லாத்தையும் கேட்டாரு. "அப்ப லிஃப்ட்டு, உள்ள ஆள் ஏறினதே தெரியாம நின்னுருக்கு"ன்னு ஒண்ணு சொன்னாரு, அவ்வளவுதான். சாயங்காலம் அவ தைக்க உக்காந்தப்போ எதிர்ல ஸ்டூலைப் போட்டு அவ காலையே பாத்துக்கிட்டிருந்தாரு. கல்யாணமான நாள்ல இருந்து அந்தக் காலை அவரு பாத்ததே இல்லையோ என்னமோ. அவ ஒரு பேன்ட்டு அடி மடிச்சா. நடுவுல எழுந்து கையை வீசினா. அசதி வந்துச்சு, ஆனா கொஞ்சம் தள்ளி வந்துச்சு.

சனிக்கிழமை ஆள் வந்தப்போ அவ உள் ரூம்ல படுத்திருந்தா. மெஷின் வாங்க வந்தவரை ஓரகத்திதான் கூட்டிட்டு வந்தா.

"பாருங்க, பட்டப்பகல்ல தூங்கறாங்க. தூக்கிக்கோங்க, அவங்களுக்கு எதுக்கு இது?"

வீட்டுக்காரர் எழுந்து மெஷினுக்குக் குறுக்க நின்னாரு. "வேணாங்க, அது வேலையில இருக்கு. இப்ப அவளுக்கு சாப்பாட்டு பிரேக், அதான் படுத்திருக்கா. நீங்க கெளம்புங்க."

டெய்லரம்மா முழிச்சுக்கிட்டுதான் இருந்தா. எழுந்து போய் ஓரகத்தி மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. முடியல. திரும்பிப் படுத்துக்கிட்டா. தைக்க வேண்டிய ஸ்கூல் சட்டை மெஷின் மேல கெடக்கு, கண்ணு முழிச்சதும் பாத்துக்கலாம்.