அவர்மீது நான் சேர்த்த சாட்சியங்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக அதற்கு வேலை கொடுக்காத மனிதர் என் கணவர். பீளமேட்டில் ஒரு பம்புப் பட்டறையில் லேத் ஓட்டினார். வேலை விட்டால் வீடு. அந்த வருடம் கோடை முடிந்தபின்தான் ஆள் மாறினார்.

முதலில் இடுப்பு குறைந்தது. பழைய பேண்ட் நிற்கவில்லை என்று புதிதாக இரண்டு வாங்கி வந்தார். காலையில் பனியன் நனைந்துபோய் எழுந்து குளிப்பவர், சாயங்காலமும் குளிக்க ஆரம்பித்தார். இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை. கேட்டால், "வயிறு நெறைஞ்சு போச்சு அம்மணி" என்பார். வேறெங்கோ சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று நான் முடிவு கட்டினேன். புது பேண்ட், இரண்டு வேளைக் குளியல், வெளிச்சாப்பாடு. இவற்றை வைத்தே ஒரு பெண்ணை உண்டாக்கிவிட்டேன். முகம் மட்டும்தான் அவளுக்கு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவருக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். துண்டை முன்னால் பிடித்தபடி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். விடிந்ததிலிருந்து உறுப்பு விறைத்தபடியே இருக்கிறது, ஆசை ஒன்றுமில்லை, வலி உயிர் போகிறது என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

எனக்கு இரக்கம் வரவில்லை. "எந்த மாத்திரையப் போட்டீங்க? யாருக்காகப் போட்டீங்க?" என்றேன்.

"சத்தியமா ஒண்ணும் போடலே அம்மணி. ஆசுபத்திரிக்குக் கூட வாரயா?"

"அவளையே கூட்டிட்டுப் போங்க."

மகள் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தாள். அவரைத் தனியாக விட்டுவிட்டு, சத்தியமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் போன் அடித்தது. கட் செய்துகொண்டே போனேன். மத்தியானம் ஒருமுறை எடுத்தேன்.

"தனியாப் போக வெக்கமா இருக்குது. நர்சுப் புள்ளைககிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"மாத்திரை வாங்கறப்ப வெக்கமா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அண்ணன் வீட்டில் அன்று வயிறாரச் சாப்பிட்டேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வலி தாங்காமல் தனியாக ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். நான் போனபோது ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுத்து, கெட்டியாக இருந்தது. மாத்திரை ஏதாவது போட்டாரா என்று டாக்டரம்மா கேட்டார். சின்ன வயதுதான். "போட்டிருப்பாருங்க" என்று என் கணவர் காதில் விழவே சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா அவருடைய வயிற்றின் இடப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். சமீபத்தில் இளைத்தாரா? ரொம்ப வியர்க்கிறதா? கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா? ஆமாங்க, ஆமாங்க என்றேன். மூன்றுக்கும் பதில் என்னிடம் தயாராக இருந்தது.

சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். ரத்தப் புற்றுநோய். வெள்ளை அணுக்கள் பெருகி, ரத்தம் கெட்டியாகி அங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது. மண்ணீரல் வீங்கி இரைப்பையை நெருக்கியதால் சாப்பாடு இறங்கவில்லை. "இது மாத்திரையால வந்ததில்லைங்க. நேத்தே வந்திருந்தா அந்த உறுப்பையாவது காப்பாத்தியிருக்கலாம். ஏன் லேட்டு?" என்றார் டாக்டரம்மா.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க, வெக்கப்பட்டுட்டு இருந்துட்டேன்."

கொடுத்த மருந்து ஒரு வருடம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நடுவில் பலமுறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உடு அம்மணி" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், ஒரே பதில்தான் வைத்திருந்தார். "வயித்து வலின்னேன். இவதான் அன்னைக்கே இழுத்துட்டுப் போனா."

காரியம் முடிந்த அன்று அவருடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ ஒருத்தி இருந்ததாலதான் கண்ணு, இத்தன நாளாச்சும் எந்தம்பி இருந்தான்."

சுற்றிலும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.