படித்து முடித்தாயா, பாதியில் நின்றாயா?

C மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை: ஃபைல் தானாக வாய் திறக்காது, ஒவ்வொரு தடவையும் நாம்தான் கேட்க வேண்டும். மலேசியாவில், நீலாய் நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு இந்த வேலை. லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கின் புரோகிராம் என் தலையில் விழுந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

இரண்டு ஊசி

அந்தப் புரோகிராம் அச்சடிக்கும் பட்டியலில் கடைசிப் பெயர் எப்போதும் இரண்டு முறை வரும். உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும், feof என்ற கேள்விதான். ஃபைல் முடிந்துவிட்டதா என்று கேட்டால், ஒருமுறை படிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் அது ஆமாம் என்று சொல்லும். அதற்குள் பழைய பெயரே இன்னொரு தடவை அச்சாகிவிடும்.

கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் ஆரோக்கியம் காகிதத்தை நம்புகிறவர். தோட்டத்தில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்த அன்று, பட்டியலில் கடைசியாக இருந்த காவல்காரர் மாரிமுத்துவை இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு தடவை குத்தினார். நான் திருத்தப் போனபோது மாரிமுத்து சட்டைக் கையை மடித்து இரண்டு இடத்தையும் காட்டினார். "ஒன் கம்ப்யூட்டருக்கு என் மேல என்னம்மா கோவம்?"

மூன்று பெயர்

பூச்சிமருந்து அடிக்கும் பெண்களுக்கு மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. முடிவுகள் பெண்டிரைவில் வரும். விஷம் ஏறியவர்களின் பெயரைப் புரோகிராம் அச்சடிக்கும், அவர்களை வேறு வேலைக்கு மாற்றுவார்கள். அந்த மாதம் மூன்றே பெயர். டிரெஸருக்குச் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து லெட்சுமி என்ற பெண் மருந்து அடித்த இடத்திலேயே வாந்தி எடுத்து விழுந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். பெண்டிரைவ் பாதியில் கெட்டிருந்தது; புரோகிராம் அதுவரை படித்ததை மட்டும் அச்சடித்துவிட்டு நின்றிருந்தது. படிப்பது நின்றால் காரணம் இரண்டு: ஃபைல் முடிந்திருக்கும், அல்லது கோளாறு. எது என்று ferror சொல்லும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாரிமுத்துவுக்காக அதே இடத்தைத் திருத்தியவள் நான்தான். ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

வேறு கம்ப்யூட்டரில் போட்டு மீதியைப் படித்தேன். இன்னும் ஐந்து பெயர். முதல் பெயர் லெட்சுமி. மற்ற நால்வரையும் அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

லெட்சுமி பிழைத்து வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அப்ப என் பேரு அதுக்குள்ளதான் இருந்திருக்கு, யாரும் படிக்கல. அப்படித்தானே தங்கச்சி?"

வாயை மூடச் சொல்

இப்போது கோளாறு வந்தால் புரோகிராம் நின்றுவிடும். 'முழுவதும் படிக்க முடியவில்லை, இந்தப் பட்டியலை நம்ப வேண்டாம்' என்று சொல்லும். அது நின்றுவிட்டது என்று குறை சொல்ல டிரெஸர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறார். பக்கத்து மேசை குமார், "clearerr போட்டு விடுலா, மெசேஜ் வராது," என்றான். அது கோளாறு நடந்ததற்கான அடையாளத்தைத்தான் அழிக்கும், கோளாறு அப்படியே இருக்கும். மாட்டேன் என்றேன். புதுப் பெண்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி லாபுவுக்குக் கார் ஓட்டினேன்.

டிரெஸர் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முன்ன அது பாவம், ஒரு வார்த்தை பேசாம ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ வந்துதான் கெடுத்துட்ட."

கோளாறை மறைத்து ஓடுகிற புரோகிராமுக்கு நல்ல பெயரும், கோளாறைச் சொல்லி நிற்கிற புரோகிராமுக்குத் திட்டும் கிடைப்பதுதான் வழக்கம் என்றால், திட்டு வாங்கவும் ஒருத்தி சம்பளத்துக்கு இருக்கத்தான் வேண்டும்.