ரோமரை வென்றவர்களுக்குக் காவல்

மியூசியக் காவலாளியின் வேலை, யாரும் எதையும் தொடாமல் பார்ப்பதும், வருகிற எல்லோருக்கும் டொய்லெட் இருக்கும் திசையைக் காட்டுவதும்தான். நின்றபடியே ஷிப்ட் முடிக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! லண்டனில் இந்த முறை நடந்த கண்காட்சியில் என் தலையில் விழுந்தவர்கள் செருஸ்கர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ஜெர்மன் காடுகளில் வாழ்ந்த சனம். ரோமின் மூன்று படையணிகளைக் காட்டுக்குள் இழுத்து அழித்தவர்கள்.

எழுதியது யார்?

ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், செருஸ்கர்கள் எழுதிய புத்தகங்கள் எந்த அறையில் என்று கேட்டார். அவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை, தெரிந்ததெல்லாம் ரோமர்கள் எழுதியதுதான் என்றேன். எதிரி எழுதியதை நம்பலாமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். எங்கட ஆள் என்றால் கேட்டிருப்பார். இவரோ நிம்மதியாகத் தலையாட்டினார்.

"நல்லது. அப்போ பக்கச்சார்பு இருக்காது."

மேரி அக்காவின் சுவர்

எதிர் வாசலில் காவல் நிற்பவர் மன்னார் மேரி அக்கா. ஊரில் போர்க்காலத்தில் காணாமல் போன தம்பியை இன்னும் தேடுகிறவர். ரோமர்கள் எதையும் பதியாமல் விடமாட்டார்கள் என்று எங்கள் சூப்பர்வைசர் ஒருநாள் பெருமையடித்தார்.

மேரி அக்கா சுவரில் இருந்த விளக்கப் பலகையை வாசித்தார். செருஸ்கத் தலைவனின் மனைவியைக் கர்ப்பிணியாகவே ரோமர் பிடித்துப்போனார்கள். மகன் பிறந்ததும் வளர்ந்ததும் அவர்களுடைய பிடியில். பிறகு என்ன ஆனான் என்பதற்குப் பதிவே இல்லை. அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"எல்லா இடத்திலயும் இந்த ஒரு பக்கம்தான் துலையுது, தம்பி."

இரண்டு கரை

லண்டனின் மோர்டன் பகுதியில் இருக்கும் குணம் அண்ணை, கோயில் நிர்வாகச் சண்டையில் சொந்தத் தம்பியோடு பேச்சை விட்டவர். ஒரு சனிக்கிழமை மனைவியோடு வந்து, ஆற்றங்கரைப் படம் ஒன்றின் முன்னால் நின்றார்.

"இவங்கள் ரெண்டு பேரும் ஏன் கத்துறாங்கள்?"

"சகோதரங்கள், அண்ணை. ஒருத்தன் செருஸ்கரின்ர தலைவன். மற்றவன் ரோமரோட நிண்டவன். கரைக்குக் கரை நிண்டு ஏசுகினம்."

ட்ரெயினுக்கு நேரமாச்சு என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தார். அண்ணை அசையவில்லை. போனை எடுத்துப் பார்த்தார், திரும்பப் பொக்கெற்றில் வைத்தார்.

"ஏசியெண்டாலும் கதைச்சிருக்கிறாங்கள்."

மூன்று படையணிகளை அழித்தவர்களுக்காக நடந்த அந்தக் கண்காட்சியில், வாசல் கடையில் விற்றுத் தீர்ந்தது ரோமப் படைவீரனின் பிளாஸ்டிக் தலைக்கவசம்தான்.