ஃபில்டருக்கு வைத்த பொட்டு

என் காரை சர்வீசுக்கு விடுகிற நாளில் நான் ஒரு காரியம் செய்வேன். குனிந்து, கையை உள்ளே விட்டு, ஆயில் ஃபில்டரின் அடியில் சாந்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். சர்வீஸ் சென்டர் பையன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு பக்தி ஜாஸ்தி போல" என்று சிரித்தான். பக்தியாவது ஒன்றாவது! இந்தப் பொட்டால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. அப்போது எனக்கு எட்டு வயசு. நின்றது கல்யாணம் என்பதே எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம். அப்பா டவுனில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். கைமாறி வந்த ஒரு சின்ன கார் வாங்கியிருந்தார். கார் பழசு என்றாலும் அப்பாவின் நம்பிக்கை மட்டும் புத்தம் புதுசு. கம்பெனி ஷோரூமைத் தவிர வேறு எங்கும் சர்வீசுக்கு விடமாட்டார். அங்கே ஏசி போட்ட கண்ணாடி ரூமில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். "சார், உங்க வண்டி ரெடி சார்" என்பார்கள். ஆபீசில் அவர்தான் எல்லாரையும் சார் என்று கூப்பிட வேண்டும். சர்வீஸ் முடிந்த வண்டியை நேராக வீட்டுக்குக் கொண்டுவராமல் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வாசலில் நிறுத்துவார். கம்பெனிக்காரன் பார்த்தது போக மிச்சத்தை அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு.

மாமாவின் கணக்கு வேறு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சொந்தமாக ஒரு கார் வைத்துக்கொண்டு, ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டு வருவார். அவர் வண்டிக்கு ஆயில் மாற்றுவது அவரேதான். முன்சக்கரம் இரண்டையும் கருங்கல் பலகை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, சாக்கு விரித்து அடியில் படுத்துவிடுவார். வடிகிற ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். டாக்டர் தோற்றார் போங்கள். டார்ச் அடிப்பது நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு வேறு விளையாட்டே கிடையாது.

"நம்ம கண்ணு பாக்காத வேலை வேலையே இல்ல பாப்பா" என்பார் மாமா. "படிச்சி சர்டிபிகேட் வாங்கினவன் செய்யறதுடா வேலை. நீ செய்யறது கை அரிப்பு" என்பார் அப்பா, நாற்காலியில் உட்கார்ந்தபடி. இது வாராவாரம் நடக்கும். யாருக்கும் கோபம் வராது.

கோபம் வர ஆரம்பித்தது அக்காவுக்கு வேலை கிடைத்த பிறகு. அக்கா என்னைவிட ரொம்பப் பெரியவள். டவுன் காலேஜில் பி.காம் முடித்துவிட்டு, அதே ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். வண்டி கொண்டுவருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். சுடிதார் மேல் ஒரு நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறுவாள். எங்கள் சொந்தத்தில் நீலக் கோட்டு போட்ட முதல் பெண் அவள்தான்.

சொந்தக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. தாய்மாமன் கல்லுமாதிரி எதிரில் நிற்கும்போது பெண்ணை எதற்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் மூத்த பெண் தாய்மாமனுக்கு என்பது அவள் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவாகிவிடும். அம்மா கட்டிக்கொண்டதும் தாய்மாமனைத்தான். அந்தத் தாய்மாமன்தான் எங்கள் அப்பா. டீச்சர் டிரெயினிங்கில் சீட் கிடைத்த வருஷமே அம்மாவுக்குத் தாலி ஏறிவிட்டது.

மாமாவுக்கு அக்கா மேல் ஆசை இருந்தது. சென்னை போய்வரும்போதெல்லாம் கிளிப்போ வளையலோ வாங்கி வருவார். அவள் கையில் கொடுக்க வெட்கப்பட்டு என் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்வார். கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து அக்கா அவர் முகத்தையே பார்ப்பதில்லை. "எனக்கு மாமாவப் புடிக்கும்மா. கட்டிக்கத்தான் புடிக்கல" என்று அவள் அடுப்படியில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அம்மா தோசையைத் திருப்பினாள். எனக்கு அக்கா மேல்தான் எரிச்சலாக இருந்தது. மாமா எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டால் தினமும் ஆயில் மாற்றலாமே, இந்த லூசுக்கு ஏன் புரியவில்லை என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பேச்சு முற்றியது. அப்பா வண்டியை சர்வீசுக்கு விடப்போவதாகச் சொன்னார்.

"ஆயிலாவது மாத்துவானுங்க மாமா. ஃபில்டரு பழசையே தொடைச்சி வுட்டுடுவானுங்க. பில்லுல மட்டும் புதுசு" என்றார் மாமா.

"எங்க ஒர்க்‌ஷாப்ல அந்த வேலையெல்லாம் கிடையாது" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

மாமா குரல் வந்த திசையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே கேட்டார். "திருட்டுப் பசங்க நடுவுல பொண்ண உக்கார வெச்சிருக்கீங்க. நான் அத ருசுப்படுத்திட்டா வேலைய நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்திடறேன்டா. தை மாசமே நிச்சயம் பண்ணிக்கலாம். இல்லன்னா?"

"இல்லன்னா நான் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அப்பா யோசித்தெல்லாம் சொல்லவில்லை. கம்பெனி மேல் இருந்த தைரியத்தில் வாய் போய்விட்டது. அக்கா வெளியே வந்து, "சரி" என்றாள். அவளுக்கும் அவள் ஒர்க்‌ஷாப் மேல் அவ்வளவு நம்பிக்கை. அம்மா மட்டும் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டியை விடுவதற்கு முந்தின நாள் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பாப்பா, ஃபில்டர் அடியில ஒரு அடையாளம் வெச்சிடு. யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது." எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் நெயில் பாலிஷ் கிடையாது, அம்மாவுக்குப் பிடிக்காது. பூஜைக்காக வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சமயம்; மிக்சி, இஸ்திரிப் பெட்டி, என் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கத் தயாராக இருந்த கை. அம்மாவின் சாந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். மாமா டார்ச் அடித்தார். ஃபில்டரின் வட்டத்தில் நடு நெற்றி எது என்று பார்த்து ஒரு பொட்டு வைத்தேன். மொட்டையாக இருந்தது. நான் வைத்துக்கொள்கிற மாதிரியே கீழே ஒரு சின்னப் புள்ளியும் வைத்தேன். "இனிமே ஃபில்டருக்குக் கண்ணு படாது, போ" என்று மாமா சிரித்தார்.

அப்பா வண்டியை விட்டார், காபி குடித்தார், எடுத்தார், மலையைச் சுற்றினார், வாசலில் நிறுத்தினார். மறுநாள் ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாரும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது மாமா வந்தார். கையில் ஒரு புது ஃபில்டர் டப்பா. வண்டியைக் கருங்கல் மேல் ஏற்றி அடியில் படுத்தார். நான் டார்ச் அடித்தேன். கொஞ்ச நேரத்தில், ஆயில் சொட்டுகிற ஃபில்டரோடு வெளியே வந்து, அதன் அடியைத் துணியால் லேசாக ஒற்றி எடுத்து எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார்.

பொட்டு இருந்தது. கீழே புள்ளியும் இருந்தது. நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். "வண்டிய வுடறதுக்கு முன்னாடியே பழைய ஃபில்டருல வெச்ச அடையாளம் இது" என்றார் மாமா.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில்லுல போட்டிருக்கானே" என்று மெல்லச் சொன்னார். அத்தனை வருஷத்து ஏசி ரூமும் காபியும் அவர் முகத்திலிருந்து வடிந்துபோயின. எனக்கே பாவமாக இருந்தது.

"பழைய தூளக் கொட்டாம புது டிகாஷன் எறக்கினா எப்படி இருக்கும்? அதான் இது" என்றார் மாமா. அதைச் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது அக்கா பொரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது நான் வெச்ச பொட்டு" என்றாள். "பூஜைன்னு நேத்து எங்க ஒர்க்‌ஷாப்ல எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். நம்ம வண்டியாச்சேன்னு புது ஃபில்டருக்கு நானே வெச்சி மாட்டச் சொன்னேன். சந்தனம் ஒட்டல. பையில சாந்து இருந்துச்சி."

குரல் பிசிறவில்லை. துப்பட்டா முனையை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் யாரும் இதை நம்பாமல் இருக்க முடியாது. தராசுக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, ஆபீஸ் பீரோவுக்கு, ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வைக்கிற நாள் அது. ஃபில்டருக்கு மட்டும் வைக்காமல் விடுவார்களா?

ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. பொட்டு என்னுடையது! "பொய்! அது நான் வெச்சது! கீழ புள்ளி பாரு!" என்று கத்தினேன். அடுத்த நொடி என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மா அதற்கு முன்னும் பின்னும் என்னை அப்படிக் கிள்ளியதில்லை. சதை கன்றிப்போனது. "அவளும் நீயும் ஒரே பாட்டில்லதானேடி வெச்சிக்கிறீங்க? வாய மூடு" என்றாள். தன் தம்பியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நியாயம் கேட்டு மாமாவைப் பார்த்தேன். நான் பொட்டு வைத்தபோது டார்ச் அடித்த ஆள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும், அத்தனை மாதம் கழித்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். அதை அவள் துடைக்கவில்லை.

மாமா அப்பாவின் கையிலிருந்து ஃபில்டரை வாங்கினார்.

"பாப்பா வெச்சது பழசுல மாமா. அத அவனுங்க கழட்டிப் போட்டிருப்பானுங்க. இது வேற."

"அப்ப பேச்சு முடிஞ்சிதா?" என்று கேட்டார் அப்பா, ரொம்ப மெதுவாக.

"முடிஞ்சிது மாமா."

பிறகு, "வாங்கிட்டு வந்தது வந்துட்டேன், மாட்டிடறேன்" என்று புது ஃபில்டர் டப்பாவைப் பிரித்தார். நேற்று மாட்டிய புது ஃபில்டருக்கு இன்றைக்கு எதற்கு இன்னொன்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா அக்காவுக்கு முன்னால் எழுந்து அவளுக்குச் சாப்பாடு கட்டினாள். அக்கா வேலைக்குப் போன கையோடு ஒர்க்‌ஷாப்பில் இறங்கி ருத்ரதாண்டவம் ஆடினாளாம். பெரியவளான பிறகு அவளே சொல்லித்தான் தெரியும். இரண்டொரு வருஷத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டு வேலூரில் வேறு வேலைக்குப் போனாள். அவள் ஷோரூமில் இருந்தவரை அப்பாவும் வண்டியை அங்கே விடுவதை நிறுத்தவில்லை. ஆனால் விடுவதற்கு முந்தின ஞாயிறு மாமாவைக் கூப்பிட்டு ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்வார். எங்கள் வண்டி அளவுக்கு ஆயில் குடித்த வண்டி இந்த மாவட்டத்திலேயே இருக்காது. மாமாவும் முகம் கோணாமல் வந்து சாக்கு விரித்துப் படுப்பார். கிளிப் வாங்கி வருவது மட்டும் நின்றுவிட்டது.

அந்த ஆயுத பூஜை அன்றைக்கு எல்லாரும் உள்ளே போன பிறகு, நான் தொடையைத் தேய்த்துக்கொண்டு மாமா பக்கத்தில் போய் நின்றேன். அவர் சாக்கு மேல் உட்கார்ந்து, கழற்றிய ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் என் பொட்டை அழித்துக்கொண்டிருந்தார். பொட்டு போய்விட்டது, புள்ளியும் போய்விட்டது, அப்புறமும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மாமா அழிக்கிற? அது என்துதானே?" என்று கேட்டேன்.

"ஆயில் பட்டா சாந்து நிக்காது பாப்பா. உன்து எப்பவோ போயிருக்கும்" என்றார், தலை நிமிராமல்.

எனக்கு வந்ததே கோபம்! இஞ்சின் சூட்டில், ஆயில் கசிவில், மலையைச் சுற்றி வந்த பிறகும் கண்ணெதிரே நின்ற பொட்டு. அது நிற்காது என்கிறாரே. அப்பா சொன்னது சரிதான், இந்த மாமாவுக்கு ஆயிலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டு, டார்ச்சை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.